பழைய மோட்டார் வண்டியின் நடுக்கமும் சக்திக் குறைவும்: காரணம் அறியும் முறை

கடலூர் ஜில்லாவில் நெய்வேலியைச் சுற்றியுள்ள குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளில் முந்திரியும் பலாவும் கரும்பும் பயிரிடும் நிலமுடையோருள், பழைய பெட்ரோல் மோட்டார் வண்டியை இன்றும் பேணி வருவோர் உண்டு. அவ்வண்டிகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது அம்பாசிடர். இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்டு வந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014-ம் ஆண்டில் நின்றுபோயிற்று. நெடுங்காலம் அதில் பொருத்தப்பட்டிருந்தது 1489 கன சென்டிமீட்டர் அளவும் நான்கு சிலிண்டர்களும் உள்ள பெட்ரோல் யந்திரமாகும். இங்குச் சொல்லப்படுவன பெரும்பாலும் அதைக் குறித்தனவே எனினும், கார்புரேட்டர் பூண்ட ஏனைய பழைய வண்டிகளுக்கும் அநேகமாய்ப் பொருந்தும். டீசல் யந்திரத்தின் இயல்பு வேறு.

வண்டி நிற்கும்போது யந்திரம் சீராக ஓடாமல் குலுங்குதலும், மேட்டில் ஏறும்போதும் ஆளேற்றிச் செல்லும்போதும் இழுவை குன்றுதலும் இவ்வண்டிகளில் அடிக்கடி காணப்படும் இரு குறைகள். ‘மிஸ் அடிக்கிறது’, ‘பிக்கப் இல்லை’ என்று பட்டறைகளில் சொல்வது இவற்றையே. இவற்றைக் கண்டவுடன் கார்புரேட்டரின் திருகைத் திருப்பிப் பார்ப்பதே பலரது வழக்கம். அது கைக்கு எளிதில் எட்டுகிறது என்பது தவிர, முதலில் அதைத் தொடுவதற்கு வேறு நியாயம் இல்லை. அதனால் குணம் காணாதபோது யந்திரத்தையே இறக்கிப் போர் போடவேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஒரு பிளக்கும் ஒரு கம்பியும் மாற்றினால் தீரக்கூடிய குறைக்குப் பல்லாயிரம் ரூபாய் செலவாவது இப்படித்தான்.

யந்திரம் நன்றாய் ஓட நான்கு காரியங்கள் கூடவேண்டும்: தக்க அளவு பெட்ரோல், தக்க அளவு காற்று, தக்க தருணத்தில் நெருப்புப் பொறி, கசிவில்லாத அறை. 1962-ல் ஓடத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையத்தின் கொதிகலன்களுக்கும் எரிபொருள், காற்று, நெருப்பு என்ற முதல் மூன்றும் வேண்டியிருந்தன. ஏறத்தாழப் பாதி எடை நீராகவே உள்ள பழுப்பு நிலக்கரியை எரிக்க, காற்றை அளவறிந்து விடுவது எவ்வளவு அவசியமென்பதை அங்கு வேலை செய்தோர் அறிவர். மோட்டார் யந்திரத்தில் நான்காவதாகிய அமுக்கம் கூடுதலாய் வேண்டப்படுகிறது. பலரும் மறப்பது அதையே.

குறை எப்பொழுது தோன்றுகிறது என்பதை முதலில் கவனிக்கவேண்டும். நிற்கும்போது மட்டும் குலுங்கி, வேகமெடுத்தபின் சரியாக ஓடுமானால், காற்று எங்கேனும் திருட்டுவழியில் புகுகிறது, அல்லது கார்புரேட்டரின் சிறு ஜெட்டு அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். நிற்கும்போது சீராயிருந்து பாரம் ஏறும்போது தளருமானால், பெட்ரோல் போதிய அளவு வந்து சேரவில்லை, அல்லது பொறி வலுவற்றது, அல்லது பொறி விழும் நேரம் பிந்தியிருக்கிறது, அல்லது காற்று வடிகட்டியோ சைலன்சரோ அடைத்திருக்கிறது. இரு நிலைகளிலும் ஒரே தாளத்தில் தட்டுமானால், ஏதோ ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்க இடமுண்டு.

அச்சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனை எளிது. வண்டியை வெட்டவெளியில் நிறுத்தவேண்டும். மூடிய கொட்டகைக்குள் யந்திரத்தை ஓடவிட்டால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் போக்கிவிடும். நான்கு பிளக்குக் கம்பிகளுக்கும் முன்கூட்டியே எண் இட்டுக்கொள்ளவேண்டும். யந்திரத்தை நிறுத்தி, ஒரு கம்பியைக் கழற்றி, அதன் முனையை யந்திரத்தின் இரும்பில் படுமாறு கட்டியபின் ஓடவிடவேண்டும். ஓடும்போது வெறுங்கையால் கம்பியைப் பிடுங்குவது அபாயம். முனையைத் தொங்கவிட்டால் காயிலும் கெடும். எக்கம்பியைக் கழற்றியபோது யந்திரத்தின் ஓட்டம் மேலும் தளரவில்லையோ, அக்கம்பிக்குரிய சிலிண்டரே சோம்பியிருப்பது. பிறகு அதன் பிளக்கை அடுத்த சிலிண்டரின் பிளக்கோடு மாற்றிப் பொருத்தவேண்டும். குறை பிளக்கோடு கூடவே இடம் மாறினால் பிளக்கே குற்றவாளி. மாறாவிடில் கம்பியை மாற்றிப் பார்க்கவேண்டும். அதன் பின்னும் குறை அங்கேயே நின்றால் அமுக்கத்தைச் சோதிக்கவேண்டும்.

கழற்றிய பிளக்கின் முனையும் பல செய்திகளைச் சொல்லும். வெளிர்பழுப்பு நிறம் நல்ல நிலையைக் காட்டுவது. உலர்ந்த கரி படிந்திருப்பது பெட்ரோல் மிகுதியைக் குறிக்கும். நெய்வேலி நகரியத்துக்குள் இரண்டொரு மைல் மட்டும் ஓடி, சூடேறுமுன் நிறுத்தப்படும் வண்டிகளிலும் இவ்வாறே படியும். எண்ணெய்ப் பசை பிஸ்டன் ரிங்கோ வால்வின் வழிகாட்டிக் குழலோ தேய்ந்ததைச் சொல்லும். வெளுத்திருந்தால் காற்று மிகுதி.

அமுக்கத்தை அறிய அளவுமானி உள்ள பட்டறையை நாடலாம். ஆயினும் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதியுள்ள பழைய அம்பாசிடரில், கியரை விலக்கி, சாவியை அணைத்து, மெல்லச் சுற்றினால் நான்கு முறை எதிர்ப்பு தோன்றும். நான்கும் ஒத்திருக்கவேண்டும். ஒன்றில் எதிர்ப்பு இல்லையெனில் அங்கு அமுக்கம் கசிகிறது. அச்சிலிண்டரில் ஒரு கரண்டி யந்திர எண்ணெய் விட்டபின் எதிர்ப்பு கூடினால் ரிங்கு தேய்ந்தது. கூடாவிடில் வால்வு மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தளர்ந்திருந்தால், அவற்றிடையே ஹெட் காஸ்கெட் கருகியிருப்பது அநேகமாய் நிச்சயம்.

வால்வைப் பற்றி இங்குச் சற்று விரித்துரைப்பது அவசியம். முற்காலத்துப் பெட்ரோலில் ஈயச் சத்துக் கலந்திருந்தது. அது வால்வு அமரும் வட்டத்தைத் தேயாமல் காத்தது. இந்தியாவில் 2000-ம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. 1489 அளவுள்ள யந்திரத்தின் வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு வட்டங்கள் அவ்விரும்பிலேயே கடைந்தவை. அதிவேகத்திலும் பாரத்திலும் ஓட ஓட, புகைபோகும் வால்வு மெல்ல உள்வாங்கி, டாப்பெட்டின் இடைவெளி குறைந்துகொண்டே வரும். இடைவெளி அற்றுப்போனால் வால்வு முற்றும் மூடாமல் அனல் கசிந்து கருகிவிடும். டாப்பெட் சத்தம் அடங்கியதைக் கண்டு மகிழ்வோர் இதை நினைவில் வைக்கவேண்டும்: சிறிது சத்தமிடும் டாப்பெட்டைவிடச் சத்தமே இல்லாத டாப்பெட் அஞ்சத்தக்கது. கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்கு இடைவெளியைத் திருத்திய சில மாதங்களிலேயே அது மறுபடி குறையுமானால், ஹெட்டைக் கழற்றிக் கடினமான தனி வட்டங்களைப் பதிப்பதே பரிகாரம். பிரீமியர் பத்மினி வண்டியின் ஹெட் அலுமினியத்தாலானது. அதில் தனி வட்டங்கள் முன்னமே பதிக்கப்பட்டிருப்பதால் இத்தொல்லை குறைவு.

பொறியைக் குறித்துச் சில சொற்கள். பிளக்கின் இடைவெளி ஓரங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு. டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பாயிண்டின் இடைவெளி 14 முதல் 16 பங்கு. பாயிண்டின் முகம் அடிக்கடி கருகிக் குழி விழுமானால் கண்டென்சரை மாற்றவேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு ஆடினால், நிற்கும்போது சரியாயிருந்த இடைவெளி சுழலும்போது மாறிக்கொண்டேயிருக்கும். எத்தனை முறை பாயிண்டை மாற்றினாலும் குலுக்கம் தீராது. பாயிண்டைத் தொட்டால் பொறி விழும் நேரமும் மாறுமாதலின், இடைவெளியை முதலிலும் நேரத்தைப் பிறகும் வைக்கவேண்டும். கம்பிகளைத் திரும்பப் பூட்டும்போது 1, 3, 4, 2 என்ற வரிசை தவறலாகாது.

திருட்டுக் காற்று புகும் இடங்கள் கார்புரேட்டரின் அடிப்பாகமும், மேனிபோல்டின் காஸ்கெட்டும், டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் சிறு குழாயுமாம். சிலர் இவ்விடங்களில் பெட்ரோலைத் தெளித்துச் சோதிக்கிறார்கள். சூடான யந்திரத்தில் இதைச் செய்வது வண்டியைக் கொளுத்த முயல்வதற்கு ஒப்பாகும். சிறிது நீரைத் தெளித்தாலே போதும். பட்ட இடத்தில் ஓட்டம் மாறினால் அங்கேதான் கசிவு.

எரிபொருளின் தன்மையும் இப்போது மாறியிருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலப்பது 2025-ல் நூற்றுக்கு 20 பங்கு என்னும் அளவை எட்டியது. கரும்பு பயிரிடுவோருக்கு இதனால் நன்மை உண்டு. அவர்களுடைய பழைய வண்டிக்கு மட்டும் சில கவனங்கள் தேவைப்படுகின்றன. எத்தனாலிலேயே பிராணவாயு அடங்கியிருப்பதால், பழைய அளவுக்கு வைத்த கார்புரேட்டரில் கலவை மெலிந்து, நிற்கும்போது தடுமாற்றம் உண்டாகலாம். முற்காலத்து ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் சவ்வும் அதனால் ஊறிக் கெடுவதுண்டு. எத்தனாலைத் தாங்கும் வகையை வாங்கிப் போடவேண்டும். அன்றியும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்காய்க் கொட்டகையில் நின்ற வண்டியின் தொட்டியில், நீரும் எத்தனாலும் கூடி அடியில் தனியே பிரிந்து நிற்கக்கூடும். தொட்டியின் அடியிலிருந்து சிறிது எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் வைத்துப் பார்த்தால் இரண்டு படிவுகள் தெரியும். அவ்வாறு கண்டால் தொட்டி முழுவதையும் வடித்துவிடவேண்டும். புதுப் பெட்ரோலை மேலே ஊற்றுவதால் தீராது.

சுரங்கப் பகுதிகளின் புழுதி காற்று வடிகட்டியை விரைவில் அடைக்கும். அடைபட்டால் வேகத்தில் கரும்புகையும் சக்திக் குறைவும் காணும். மற்ற ஊர்களுக்குச் சொல்லும் காலவரையில் பாதியில் அதைத் துப்புரவு செய்வது நலம்.

இவையெல்லாம் முடிந்த பிறகே கார்புரேட்டரின் திருகைத் தொடவேண்டும். யந்திரம் நன்கு சூடேறியபின், ஓட்டம் மிகச் சீராகும் இடத்தில் திருகை நிறுத்தவேண்டும். புகைச் சோதனைச் சான்றுக்காக இத்தகைய பழைய பெட்ரோல் வண்டிகளில் கார்பன் மோனாக்சைடு அளக்கப்படுவது நிற்கும் ஓட்டத்தில்தான். அது நூற்றுக்கு 3 பங்குக்கு மேற்படலாகாது. 15 ஆண்டு கழிந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கச் செல்வோர், நான்கு சிலிண்டர்களின் அமுக்க அளவையும் டாப்பெட் திருத்திய தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தால், அடுத்த முறை குலுக்கம் தோன்றும்போது எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பது அதிலேயே தெரியும்.