பிரியாணி முடித்து வந்தால் வண்டி ஏன் கிளம்புவதில்லை?

அக்னி நட்சத்திர வெயிலில் பழைய அம்பாசடரில் வேலூரிலிருந்து கிளம்பினால், ஆம்பூர் வரை ஒழுங்காகப் போகும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பும்போதுதான் வம்பு. ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. பேட்டரியைத் திட்ட வேண்டாம்.

ஓடும்போது ஃபேனும் தண்ணீரும் சூட்டை அள்ளிச் செல்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் ஓய்ந்துவிட, இரும்பில் தேங்கிய சூடு பானட்டுக்குள் பரவுகிறது. பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதில் லேசானவை 40 டிகிரிக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கும். அம்பாசடரின் பெட்ரோல் பம்ப்போ எஞ்சினோடு ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. அது உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். ஆவி நிறைந்தபின் பம்பின் டயாஃப்ரம் எவ்வளவு அடித்தாலும் ஆவிதான் சுருங்கி விரியும், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாது. மெக்கானிக்குகள் இதை ‘வேப்பர் லாக்’ என்பார்கள். புது வண்டிகளில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து அழுத்தத்தோடு தள்ளுவதால் இந்தத் தொல்லை அரிது.

பழைய டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பம்பிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. மண்பானைக் கணக்குதான். அதற்காகச் சூடான எஞ்சின் பிளாக்கில் வாளித் தண்ணீரைக் கொட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. எஞ்சின் ஆறியபின், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உரசி ஓடும் பெட்ரோல் குழாயைத் தள்ளிக் கட்டுங்கள். பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே தடித்த தட்டு இருந்தால், தேவையில்லை என்று கழற்றி எறியாதீர்கள். சூடு தாவாமல் தடுப்பது அதுதான். பீடியை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.