அசனம்: முதன்முறை பந்தியில் அமர்பவருக்கு ஓர் அறிமுகம்

அசனம் என்பது தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கிறித்தவ ஆலயங்களையொட்டி நடைபெறும் பொது விருந்து ஆகும். ஊரார் பணமும் பொருளும் உழைப்பும் தந்து சமைத்து, வந்தவர் எல்லாருக்கும் பந்தியில் பரிமாறுவது இதன் இயல்பு. அழைப்பிதழ் இல்லாதவரும் வேற்றூராரும் வேற்றுச் சமயத்தாரும் இதில் அமரலாம். ஆயினும் முதன்முறை செல்பவருக்கு எங்கே உட்காருவது, எப்போது உண்ணத் தொடங்குவது, பணம் தர வேண்டுமா என்ற தயக்கங்கள் எழுவது இயல்பே. அசனம் என்ன, எதற்காக அது அவ்வாறு நடத்தப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தயக்கங்கள் தாமே நீங்கிவிடும்.

சொல்லும் பொருளும்

அசனம் என்ற வடசொல்லுக்கு உணவு, உண்ணுதல் என்று பொருள். இருக்கையைக் குறிக்கும் ஆசனம் வேறு சொல். தென் மாவட்டப் பேச்சில் 'அசனம் வைத்தல்', 'அசனம் கொடுத்தல்', 'அசனச் சோறு' ஆகிய தொடர்கள் வழங்குகின்றன. தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஊர்களில் விருந்து நடைபெறும் நாளே 'அசனப் பண்டிகை' எனப்படுகிறது.

பின்னணி

வேம்பாறு முதல் மணப்பாடு வரையிலான கடற்கரை முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்றது. இங்குள்ள பரதவர் 1530-களில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1542-இல் பிரான்சிஸ் சேவியர் இக்கரைக்கு வந்து பணியாற்றினார். கடற்கரையை விட்டு உள்ளே சென்றால் தேரி மணலும் பனையும் நிறைந்த பகுதி. அங்கே சீர்திருத்தச் சபையினரின் ஊர்கள் பின்னர் தோன்றின. சாத்தான்குளம் வட்டாரத்திலுள்ள முதலூர் 1799-இல் கிறித்தவர்களுக்கென அமைக்கப்பட்டது. நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் ஆகியவை இவ்வகையில் அறியப்பட்ட பிற ஊர்கள். கடற்கரையில் மீன்பிடியும், உள்ளே பனைத்தொழிலும் வேளாண்மையும் வாழ்வாதாரம். தொழில் வேறு, சபை வேறு என்றாலும் விழாவன்று ஊர் கூடி உண்பது இரு பகுதிக்கும் பொதுவான வழக்கமாயிற்று.

இரு வகை

முதல் வகை ஊர் அசனம். ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை, அறுப்பின் பண்டிகை, பாதுகாவலர் திருவிழா ஆகிய நாள்களில் இது நடைபெறும். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களும் பணம் அனுப்புவார்கள். சிலர் அரிசி மூட்டை, ஆடு, தேங்காய், விறகு என்று பொருளாகத் தருவார்கள்.

இரண்டாவது வகை நேர்ச்சை அசனம். நோய் தீர்தல், குழந்தைப் பேறு, கடலுக்குப் போனவர் நலமாகத் திரும்புதல் ஆகியவற்றுக்காக நேர்ந்துகொண்ட குடும்பம் தன் செலவில் இதை வைக்கும். தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி, அண்டை மாவட்டத்து உவரி ஆகிய ஊர்களிலுள்ள புனித அந்தோனியார் திருத்தலங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. குடும்பத்தார் வேன்களில் பாத்திரம், அரிசி, மசாலாவுடன் வந்திறங்குவார்கள். வளாகத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, உடன்வந்த உறவினருக்கும் அங்கிருக்கும் முன்பின் அறியாதவர்களுக்கும் பரிமாறுவார்கள். அந்தோனியாருக்குரிய நாளாகக் கருதப்படும் செவ்வாய்க்கிழமையில் கூட்டம் மிகுதி. அவர் பெயரால் ஏழைகளுக்கு ரொட்டி வழங்கும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உண்டு. இங்கே ரொட்டியின் இடத்தைச் சோறும் குழம்பும் பிடித்துள்ளன.

சமையல்

அசனத்தின் வேலை முந்தின நாளே தொடங்கிவிடும். வெங்காயம் உரித்தல், காய் வெட்டுதல், தேங்காய் துருவுதல் ஆகியவற்றைப் பெண்களும் ஆண்களும் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்வார்கள். செங்கல் அல்லது கல் கூட்டிய அடுப்புகளில் விறகு வைத்து, பெரிய அண்டாக்களில் சமைப்பார்கள். சமையல் மாஸ்டர் ஒருவர் அளவு சொல்ல, ஊர் இளைஞர்கள் கிண்டுவதும் வடிப்பதும் சுமப்பதுமாக இருப்பார்கள். வடித்த சோற்றைப் பாயிலோ வெள்ளைத் துணியிலோ மலைபோல் குவித்து மூடிவைப்பார்கள். ஆட்டுக்கறிக் குழம்பே பெரும்பாலான அசனங்களின் அடையாளம். சில ஊர்களில் சாம்பாரும் ரசமும் கூட்டும் இருக்கும்.

உணவு தயாரானதும் போதகரோ பங்குத்தந்தையோ ஜெபம் செய்வார். கத்தோலிக்கர் இதை 'மந்திரித்தல்' என்பர். அது முடிந்த பின்னரே முதல் பந்தி தொடங்கும்.

பந்தியின் பொருள்

அசனத்தில் சோற்றை விடப் பந்தி முக்கியமானது. படகு வைத்திருப்பவரும் அதில் கூலிக்குப் போகிறவரும், வரி கொடுத்தவரும் கொடுக்க முடியாதவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் ஒரே அண்டாவின் குழம்பை உண்கிறார்கள். யாருக்குப் பக்கத்தில் யார் என்பதை வந்த வரிசையே முடிவு செய்கிறது.

இது எளிதாகக் கிடைத்தது அன்று. கொரிந்து நகரச் சபையில் வசதியுள்ளவர்கள் முந்தி உண்டுவிட, இல்லாதவர் பசியோடிருந்ததைப் பவுல் தம் முதலாம் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் கண்டித்திருக்கிறார். தென் தமிழகத்தில் சாதி இதே வேலையைச் செய்தது. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட ஆலயத்தில் சாதிவாரியாக மக்கள் தனித்தனிப் பகுதியில் நிற்குமாறு தடுப்புச் சுவர் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டது, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. உணவையொட்டிய பெரும் சர்ச்சையும் இப்பகுதியில்தான் எழுந்தது. வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. 1924, 1925 ஆண்டுகளில் அது தமிழக அரசியலையே உலுக்கியது. அதற்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே, 1830-களில், அய்யா வைகுண்டர் தம்மைப் பின்பற்றியோரைச் சாதி பாராமல் சேர்ந்து உண்ணச் செய்தார். விடுதலை நாளில் தமிழகக் கோயில்களில் அரசு நடத்தும் பொது விருந்தும் இந்த நீண்ட முயற்சியின் தொடர்ச்சியே.

ஆகவே, பந்தியில் ஒருவர் எழுந்து இடம் மாறி உட்கார்வது சிறு செயலாகத் தோன்றினும், பார்ப்பவர் அதைச் சிறிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆள் பார்த்து வரிசை பிரித்த இடத்தில் சோறு மிஞ்சும், அசனம் மிஞ்சாது.

முதன்முறை செல்பவருக்கு

சற்று முன்னதாகப் போவது நல்லது. சமையல் நடக்கும் இடத்துக்குச் சென்று, "ஏதாவது வேலை இருக்கா, அண்ணாச்சி?" என்று கேட்டால் போதும். இலை கழுவுதல், தண்ணீர் ஊற்றுதல் என்று ஏதேனும் ஒன்று கைக்கு வரும். அரை மணி நேரம் வேலை செய்தவரை யாரும் அந்நியராகப் பார்ப்பதில்லை.

வேற்றுச் சமயத்தவர் ஜெபத்தில் பங்குகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அமைதியாக நின்றாலே மரியாதை. ஜெபம் முடியும் முன் இலையில் கை வைக்கக் கூடாது.

காட்டிய இடத்தில் உட்கார வேண்டும். சில ஊர்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வரிசை இருக்கும். வரப்போகிற நண்பருக்காகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதை யாரும் விரும்புவதில்லை.

முதலில் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம். "இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" என்று கேட்டுக்கொண்டு பரிமாறுபவர் மீண்டும் வருவார். போதும் என்றால் இலைக்கு மேல் கையை நீட்டி மறிப்பது வழக்கம். வாங்கிய சோற்றை வீணாக்குவது சமைத்தவரை வருத்தும்.

இறைச்சி உண்ணாதவர் அமர்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சாம்பாரோ ரசமோ இருந்தால் தருவார்கள். இல்லாவிடில் வெறும் சோறும் ஊறுகாயும்தான் கிடைக்கும். அதைக் குறையாகப் பேசக் கூடாது.

வரிசையில் உள்ளவர்கள் முடிக்கும்வரை இருப்பது நல்லது. இலையை மடித்து விட்டு எழுவதா, தாமே எடுத்துப் போடுவதா என்பது ஊருக்கு ஊர் மாறும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்தால் பிழை நேராது.

பரிமாறுபவர் கையில் பணம் கொடுக்கக் கூடாது. கொடுக்க விரும்பினால் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டி இருக்கும். உண்பவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் தவறு.

சிலர் தூக்குவாளியில் உணவு வாங்கிச் செல்வதைப் புதியவர் காணலாம். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்கும் நடக்க முடியாத முதியவருக்கும் அது செல்கிறது. பந்திக்கு வர இயலாதவருக்கும் ஊரின் உணவில் பங்கு உண்டு என்பதே அதன் கருத்து. கடற்கரை வெக்கையில் குழம்பு விரைவில் கெட்டுவிடும். எனவே எடுத்துச் செல்லும் உணவை அன்றே உண்டுவிட வேண்டும்.

ஒரே தட்டில்: காயல்பட்டினம்

இதே கடற்கரையிலுள்ள காயல்பட்டினத்தில் முஸ்லிம் வீட்டு விருந்துகளில் சஹன் முறை உண்டு. சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. அதில் குவித்த நெய்ச்சோற்றையும் களறிக் கறியையும் ஒருவருக்கு மேற்பட்டோர் சேர்ந்து உண்பார்கள். இங்கே புதியவர் கவனிக்க வேண்டியவை இன்னும் நுட்பமானவை. வலக்கையால் உண்ண வேண்டும், தமக்கு முன்னால் இருக்கும் பகுதியிலிருந்தே எடுக்க வேண்டும், நல்ல துண்டைத் தேடித் தட்டைக் கிளறக் கூடாது. அசனத்தில் பக்கத்து இலை வரை நீளும் நம்பிக்கை, சஹனில் ஒரே தட்டு வரை வந்துவிடுகிறது.

விளையாட்டுக்கு முன் விருந்து

காயல்பட்டினம் கால்பந்துக்கும் பெயர் பெற்ற ஊர். மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியக் கால்பந்துப் போட்டி அங்கே நடத்தப்பட்டு வருகிறது. ஆட்டத்தையே காரணமாக வைத்துக் கூடி உண்ணும் வழக்கம் அமெரிக்காவில் பெரிதாக வளர்ந்துள்ளது. அதன் பெயர் டெயில்கேட்டிங். டெயில்கேட் என்பது வண்டியின் பின்புறக் கதவு. ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் முன்பே அரங்கின் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து, அக்கதவைத் திறந்து போட்டு, அடுப்பில் இறைச்சி சுட்டு, நண்பருக்கும் பக்கத்து வண்டிக்காரருக்கும் கொடுத்து உண்பார்கள். அங்கே கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம். 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதியதே முதல் கல்லூரிக் கால்பந்து ஆட்டமாகக் கருதப்படுகிறது. டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் அரங்கம் ஆற்றங்கரையில் இருப்பதால், 1960-களிலிருந்து ரசிகர்கள் படகுகளில் வந்து கரையோரம் கட்டி, படகிலேயே விருந்து வைக்கிறார்கள்.

அங்கே படிக்கச் செல்லும் தமிழ் மாணவர்கள் இத்தகைய அழைப்பைப் பெறுவதுண்டு. அசனம் கண்டவருக்கு அது புதிராக இராது. வெறுங்கையுடன் போகாமல் ஒரு பண்டமோ குளிர்பானமோ கொண்டுபோவது, அடுப்படியில் உதவுவது, குப்பையை அள்ளிவிட்டுப் புறப்படுவது ஆகியவை அங்கும் மதிக்கப்படுகின்றன. ஒரு வேறுபாடு மதுபானம். அந்நாட்டில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் அதை வாங்குவது சட்டவிரோதம். எவ்வயதினரும் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உணவில் மட்டும் பங்குகொள்ளலாம்.

இன்றைய நிலை

பல ஊர்களில் தரைப் பந்தி மேசைப் பந்தியாகவும், வாழையிலை காகித இலையாகவும் மாறியுள்ளன. சமையலை ஒப்பந்தக்காரரிடம் விடுவதும் பரவுகிறது. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது கூட்டங்கள் தடை செய்யப்பட்டதால் பந்தி வைக்க வழியில்லாமல் போனது. பொட்டலமாகக் கொடுப்பது எளிது, வேலையும் குறைவு. பசி அதனால் தீரும். ஆனால் யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்வது என்ற கேள்விக்கு ஊர் ஆண்டுதோறும் அளித்துவரும் விடை பொட்டலத்தில் இல்லை. வயது முதிர்ந்தோர் பல ஊர்களில் பந்தியை விடாமல் காப்பதற்கும், புதியவரைக் கண்டதும் தள்ளி உட்கார்ந்து இடம் தருவதற்கும் இதுவே காரணம்.