கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

கூகுள் ஷீட்ஸில் ஒரு கோப்பு. முதல் டேபில் ஒரு பள்ளியின் மாணவர்கள் 5,000 பேர். இரண்டாவதில் கட்டணம் கட்டியவர்கள். கட்டாதவர்களின் வரிசைகளை மட்டும் பொறுக்கி மூன்றாவது டேபில் சேர்க்க வேண்டும். கையால் செய்தால் கண் பூத்துப்போகும். ஷீட்ஸுக்கு நிரல் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் இருபது வரி போதும்.

ஆனால் அந்த இருபது வரியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவர் எழுதியது நொடிகளில் முடியும். இன்னொருவருடையது ஆறு நிமிடம் ஓடியும் முடியாமல் பாதியில் நின்றுவிடும். அதற்குமேல் ஓட கூகுள் விடாது. காரணம், ஸ்கிரிப்ட் ஓடுவது ஓரிடம், தாள் இருப்பது வேறிடம். கட்டம் கட்டமாகக் கேட்டால், மிளகாய்க்கு ஒரு நடை, உப்புக்கு ஒரு நடை என்று கடைக்குப் போய்வருகிற கதைதான். ‘கெட்வேல்யூஸ்’ என்ற ஒரே கட்டளை முழு டேபையும் நினைவகத்துக்கு அள்ளிவந்துவிடும். திரும்ப எழுதவும் அப்படியே ஒரு ‘செட்வேல்யூஸ்’.

அடுத்தது தேடல். ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டாவது பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தால், இரண்டு பக்கமும் ஐயாயிரம் இருக்கும்போது 2.5 கோடி ஒப்பீடு வரை போகும். கட்டியவர்களின் சேர்க்கை எண்களை ‘மேப்’ என்ற தரவு அமைப்பில் போட்டுவைத்தால் சுமார் 10,000 படிகளில் வேலை முடிந்தது. மேப் அந்த எண்ணைக் கொண்டே ஒரு கணக்குப் போட்டு, அது இருக்க வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்விடுகிறது. வழியில் எதையும் புரட்டுவதில்லை. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் முன்வைத்த யோசனை இது. எனக்கு இன்றும் இது வியப்புதான்.

இவ்வளவு வேகமும் ‘ஒன்றுபோல் இருப்பது’ எது என்ற கேள்வியில் தடுக்கி விழும். எண்ணாகப் பதிந்த 101-உம் எழுத்தாகப் பதிந்த 101-உம் மேப்புக்கு வேறு வேறு. பெயருக்குப் பின்னால் ஒட்டிய இடைவெளியும் அப்படியே. தமிழில் இன்னொன்றும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு முழு ஒகரக் குறியைச் சேர்த்து, அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்து. திரையில் துளி வேறுபாடு தெரியாது. ஸ்கிரிப்ட்டோ பொருந்தவில்லை என்று சொல்லிவிடும். பணம் கட்டிய கொற்றவை பாக்கிப் பட்டியலில் நிற்பாள்.

சேர்க்கை எண் இருந்தால் அதை வைத்துத் தேடுவதே சரி. பெயரை விட்டால் வழியில்லை என்றால், ஒப்பிடும் முன் இரு பட்டியலையும் ‘நார்மலைஸ்’ கட்டளை வழியாக அனுப்ப வேண்டும். இருவிதச் சேமிப்பையும் அது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும்.