ஐப்பசி வருமானத்தைச் சொல்லிக் கடன் கேளுங்கள்

திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கத்தில் ஏழை வீடு எதுவும் ஒற்றை வருமானத்தில் நிற்பதில்லை. காமராஜர் அணை அடிவாரத்துக் கிராமங்களில் களையெடுப்பு, தென்னந்தோப்பு வேலை, கொட்டிலில் ஒரு கறவை மாடு, நூறு நாள் வேலை. சின்னாளப்பட்டி என்றால் தறி, சாயவேலை. ஒன்று கைவிட்டால் இன்னொன்று தாங்கும் என்ற இந்த ஏற்பாட்டை எந்த அதிகாரியும் வந்து கற்றுத்தரவில்லை.

ஆனால் புதிதாக ஒரு வருமானம் சேர்க்க முதல் வேண்டும். மாடு வாங்கவும் தையல் மெஷின் வாங்கவும் பெண்கள் குழுக் கடனுக்குப் போகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இத்தகைய கடனுக்கு ரிசர்வ் வங்கியின் விதி 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுப்பதுதான் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் எல்லோரும் கட்டும் எல்லாத் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 12,000 வரும் வீட்டுக்கு 6,000தான் எல்லை.

இந்த நல்ல விதி, வருமானத்தைக் கூட்டி எழுதினால் ஒன்றுமில்லாமல் போகும். பல வழியில் காசு வரும் வீட்டில் கூட்டி எழுதுவது சுலபம். பால் காசு, கூலி, தறிக் கூலி மூன்றையும் நல்ல மாதத்துக் கணக்கில் போட்டால் தொகை பெரிதாகத் தெரியும். ஐப்பசி மழையில் தெருவில் தறிப் பாவு விரிக்க முடியாது, கட்டட வேலை நிற்கும், மாட்டுக்குப் பால் வற்றியிருக்கலாம். தவணை மட்டும் நிற்காது. அதனால் மோசமான மாதத்தில் கைக்கு வருவதைச் சொல்லுங்கள். படிவத்தில் என்ன தொகை எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கடன் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

வட்டியும் கட்டணமும் எழுதிய விவரத் தாளையும் கடன் அட்டையையும் உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்டு வாங்குங்கள். காப்பீடோ வேறு பொருளோ உங்கள் சம்மதமில்லாமல் சேர்க்கக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. "உன் பேர்ல எடுத்துக் குடு அக்கா, நான் கட்டிடுறேன்" என்று யார் கேட்டாலும் வேண்டாம். சட்டப்படி அந்தக் கடன் உங்களுடையது.

கடனில் வாங்கிய மாட்டுக்குக் காப்பீடு இருந்தால் காதில் போட்ட வில்லை தொலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொலைந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லி வேறு போடவும். மாடு இறந்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் போயிருக்க வேண்டும். துக்கத்தில் அவசரமாகப் புதைத்துவிட்டு இழப்பீடு இல்லாமல் கடனை மட்டும் சுமக்கும் நிலை கொடுமையானது.

தவணை தவறுவது குற்றமல்ல. வசூலுக்கு, கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒப்பிய பொது இடம் இருக்க வேண்டும். அங்கே நீங்கள் இரண்டு முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து வராவிட்டால்தான் வசூலிப்பவர் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்வது, திட்டுவது, உறவுக்காரரைத் தொந்தரவு செய்வது, பெயரை ஊரறியச் செய்வது எல்லாம் விதிமீறல். முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று வாங்கியிருந்தால் அது வேறு. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வசூலிப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. காவல் நிலையத்திலோ திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுக்கலாம். வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம்: பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. திண்டுக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள்.