எந்தக் குழலில் எழுந்த நாதம்?

தூத்துக்குடியின் பழைய முத்து வியாபாரிகள் முத்தைத் தரம் பிரித்த முறை அலாதியானது. 20 முதல் 1000 வரை எண் பெற்ற 10 பித்தளைச் சல்லடைகள் வைத்திருப்பார்கள். ஒன்றில் தங்காமல் நழுவியது அடுத்ததில் தங்கும். அத்துடன் வேலை தீர்ந்துவிடாது. உருட்சி எப்படி, நிறம் எப்படி, ஒளி எப்படி என்று கண்ணால் ஆராய்ந்த பிறகே ஆணி என்றும் அணாதாரி என்றும் பெயரிடுவார்கள். 1961-ஆம் ஆண்டுக்குப் பிறகு இக்கரையில் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் ஒரே சல்லடையை நம்பி விலை கூறக்கூடாது என்ற அந்தப் புத்தி ஊரைவிட்டுப் போய்விடவில்லை என்பதைச் சமீபத்தில் ஒரு நண்பர் இல்லத்தில் கண்டோம். அன்று அங்கே சலிக்கப்பட்டது முத்தல்ல, நாகஸ்வரத்தின் நாதம்.

நண்பரின் தாய்மாமன் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். அவரிடம் ஒரு பெட்டி நிறையப் பழைய கிராமபோன் தட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று காருகுறிச்சி அருணாசலம் வாசித்தது. அதே வாசிப்பின் பிரதி ஒன்று, யாரோ அனுப்பி, நண்பருடைய கைப்பேசியிலும் வந்திருந்தது. அதைச் சுருதி அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்த நண்பர், "மாமா, இது ஏறக்குறைய 3 கட்டை. நீங்கள் சொல்வதுபோல் இது பாரி நாகஸ்வரம் அல்ல, இடைப்பாரி" என்றார்.

"நீ கட்டையைத்தான் கண்டாய், மாப்பிள்ளை. நான் அவரையே கண்டவன். கலியாணப் பந்தலில் தூண் ஓரமாய் உட்கார்ந்து விடிய விடியக் கேட்டிருக்கிறேன். அது பாரிதான்" என்றார் பெரியவர்.

இருவரும் நம்மைப் பார்த்தார்கள். தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை; ஆனால் வழக்கு சுவாரஸ்யமானது என்று தோன்றியது.

நேயர்களில் சிலருக்கு வேறுபாடு தெரிந்திராது. நாகஸ்வரத்தில் திமிரி, பாரி என்று இரு பெரும் வகைகள் உண்டு. திமிரி குட்டையானது, 4 கட்டைக்கு மேலான உச்ச சுருதியில் ஒலிப்பது. கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டின்போது அடுத்த தெருவுக்கும் கேட்கவேண்டிய வாத்தியம் அது. பாரி நீண்டது, 2 கட்டை, 2½ கட்டை என்று தாழ்ந்த சுருதியில், கம்பீரமாக ஒலிப்பது. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது இடைப்பாரி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியைக் கொண்டு பாரியைச் செப்பம் செய்வித்து, அதைச் சங்கீத சபையின் மேடைக்குரிய வாத்தியமாக நிலைநிறுத்தினார். வீதியில் நின்று ஊதிய கலைஞன் மேடையில் அமர்ந்து, பாடகருக்குச் சமமாக ராகத்தை விஸ்தரிக்க இந்தத் தாழ்ந்த சுருதி பெரிதும் துணை செய்தது. ஆகவே, "எந்தக் குழல்?" என்ற கேள்வி வெறும் மரத்தைப் பற்றியது அல்ல, ஒரு கலைஞன் எந்த மரபில் நின்று வாசித்தான் என்பதையும் பற்றியது.

காருகுறிச்சி அருணாசலம் ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். திருநெல்வேலிச் சீமையில் காருகுறிச்சியில் 1921-இல் பிறந்து, தூத்துக்குடியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவில்பட்டியில் குடியேறி வாழ்ந்தவர். 1964-இல், 43-ஆம் வயதிலேயே காலமானார். அவரிடம் நேரில் பாடம் கேட்கும் பாக்கியம் இன்றைய பிள்ளைகளுக்கு இல்லை. தட்டுகளும் ஒலிப்பதிவுகளுமே குரு. அந்தக் குரு அரைக் கட்டை உயர்ந்து பேசினால் சீடனுடைய காது அந்தச் சுருதிக்கே பழகிவிடும். தன் குழலையும் அதற்கு இசையத் தேடுவான். கமகங்களின் விரைவைக்கூடத் தவறாகக் கற்றுக்கொள்வான். பெரியவரின் பிடிவாதத்திற்குக் காரணம் வெறும் முதுமை அல்ல என்று அப்போதுதான் உணர்ந்தோம்.

சரி, முதல் சல்லடைக்கு வருவோம். அது தட்டின் வேகம். தட்டு வேகமாகச் சுழன்றால் சுருதி ஏறும்; மெதுவாகச் சுழன்றால் இறங்கும். நிமிஷத்திற்கு 78 முறை சுற்றவேண்டிய தட்டு 82½ முறை சுற்றினால் போதும். 2½ கட்டை 3 கட்டையாகிவிடும். இவ்வளவு சிறிய பிழையைக் காது எளிதில் பிழை என்று கண்டுகொள்வதில்லை, "ஆகா, என்ன விறுவிறுப்பு!" என்று மெச்சவும் செய்யும். ஆனால் 2½ கட்டைப் பாரி 4½ கட்டைத் திமிரியாக மாறவேண்டுமானால் தட்டு 92-க்கும் மேல் சுழலவேண்டும். அப்போது தவில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு ஓடும், குழந்தையும் சிரித்துவிடும். ஆகவே, திமிரியா பாரியா என்ற வழக்கில் சுருதியின் சாட்சியம் பெரும்பாலும் செல்லும். பாரியா இடைப்பாரியா என்ற வழக்கில், வேகத்தை நிரூபிக்காதவரை அது செல்லாது.

வேகத்தை நிரூபிப்பது எப்படி? பெரியவர் பெட்டியின் அடியிலிருந்து கோடுகள் அச்சிட்ட ஒரு வட்ட அட்டையை எடுத்தார். அதில் ஓர் வரிசையில் 77 கோடுகள். சுழலும் தட்டின்மேல் அதை வைத்து, நம் நாட்டு 50 சுழற்சி மின்சாரத்தில் எரியும் விளக்கின் ஒளியில் பார்க்கவேண்டும். விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. தட்டு நிமிஷத்திற்கு 77.92 முறை சுற்றும்போது கோடுகள் அசையாமல் நின்றுவிட்டதுபோல் தோன்றும். அதுவே 78 சுற்றுக்குரிய சரியான வேகம். வேகம் மிகுந்தால் கோடுகள் முன்னே நகரும். குறைந்தால் பின்னே நகரும்.

மிகப் பழைய தட்டுகளுக்கு இந்த உபாயம் முழுவதும் போதாது. 1925-இல் மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முன்பு கொம்புக்கெதிரே நின்று வாசித்த காலத்தில், தட்டு வெட்டிய வேகமே ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறியது. ஆனால் காருகுறிச்சியார் வாசித்த காலத்தில் 78 என்ற கணக்கு உறுதிப்பட்டுவிட்டது. அட்டையின் கோடுகள் அசையாது நின்றபோது தட்டிலிருந்து எழுந்த நாதம், கைப்பேசிப் பிரதியைவிட ஏறத்தாழ அரைக் கட்டை தாழ்ந்திருந்தது. பிரதி எடுத்தவர் வேகத்தைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

நண்பர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "ஒரு சல்லடை போதுமா, மாமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

இரண்டாவது சல்லடை மத்தியமம். திமிரியில் சுத்த மத்தியமத்தைத் தூய்மையாகப் பெறுவது அரிது. பிரதி மத்தியமத்தின் சாயல் வந்து ஒட்டிக்கொள்ளும். தேர்ந்த வித்வான் மூச்சாலும் விரலாலும் அதைச் சமாளிப்பார். செப்பம் செய்த பாரியில் சுத்த மத்தியமம் இயல்பாகவே வந்து நிற்கும். தோடி, ஆபேரி போன்ற ராகங்களுக்கு அந்தச் ஸ்வரம் உயிர். தோடி என்றதும் ராஜரத்தினம் பிள்ளையின் பெயரும், ஆபேரி என்றதும் 1962-இல் வெளிவந்த "கொஞ்சும் சலங்கை" படத்தில் காருகுறிச்சியாரின் குழலும் எஸ். ஜானகியின் குரலும் இணைந்த பாட்டும் நினைவுக்கு வருவது இயல்புதானே!

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தப் படத்தில் ஜெமினி கணேசனின் கையில் தெரியும் நாகஸ்வரத்தைப் பார்த்து, "இதோ குழல்!" என்று எவரும் சாதிக்கவேண்டாம். திரையில் கை நடிகருடையது, நாதம் காருகுறிச்சியாருடையது. கண் சொல்லும் சாட்சியம் சில சமயம் காதின் சாட்சியத்தைவிடப் பொய்யானது.

மூன்றாவது சல்லடை பக்கத்துணை. நாகஸ்வரத்தைப்போலவே இருந்து ஆதார சுருதியை மட்டும் ஊதும் ஒத்து கேட்கிறதா, சுருதிப் பெட்டியின் ரீங்காரம் கேட்கிறதா என்று கவனிக்கலாம். இது காலத்தைக் குறிப்பாகச் சொல்லுமேயன்றிக் குழலைத் தீர்மானித்துவிடாது.

இத்தகைய வழக்கு நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் ஸ்டீல் கிதார் என்றொரு வாத்தியம் உண்டு. நம் கோட்டுவாத்தியம்போலவே தந்தியின்மேல் கட்டையை வழுக்கி வாசிப்பது. பின்னாளில் அதற்குக் காலால் மிதிக்கும் பெடல்களைச் சேர்த்தார்கள். வெப் பியர்ஸ் பாடி 1954-இல் புகழ்பெற்ற ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் என்பவர் இந்த வாத்தியத்தை வாசித்தார். ஒரு தந்தி அசையாமல் ஒலிக்க, பக்கத்துத் தந்தி மட்டும் சுருதி மாறி மேலேறுவதைக் கேட்டவர்கள் வியந்தார்கள். கையிலுள்ள ஒரே கட்டையால் அது ஆகாது. ஆகவே பெடல் இருந்தது என்பதற்குத் தட்டே சாட்சி. வாத்தியம் தன்னால் மட்டுமே ஆகக்கூடிய ஒன்றைச் செய்யும்போது தன் பெயரைத் தானே சொல்லிவிடுகிறது.

"அப்படியானால் அவருடைய குழல்களில் இது எது, செய்த ஆசாரி யார் என்றும் தட்டைக் கேட்டே சொல்லலாமா?" என்றார் நண்பர். பெரியவர் தலையை அசைத்தார். நாம் அவர் பக்கமே. ஆச்சா மரத்தில் கடைந்த உடலிலே 7 விரல் துளைகள். அடியில் மேலும் 5 துளைகள். அந்த அடித்துளைகளில் சிலவற்றை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சீர்செய்வார்கள். நாணலில் செய்த சீவாளியை மாற்றினாலே நாதத்தின் குணம் மாறும். இவை எல்லாவற்றுக்கும் மேல் ஊதுகிறவரின் மூச்சு இருக்கிறது. வகையைத் தட்டு சொல்லும். தனிக் குழலை அடையாளம் காட்டக் குழலே வேண்டும். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சியே. அதுபோலவே, பழைய வித்வான்களின் இல்லங்களில் உறங்கும் குழல்களை அளந்து, சுருதி குறித்து, யாருடையது, எப்போது வாசித்தது என்று எழுதிவைப்பதும் அவசியம்.

நேயர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பரணில் பழைய தட்டுகள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நடுவிலுள்ள காகிதத்தை நனைத்து அழித்துவிடாதீர்கள். பெயரும் எண்ணும் அதில்தான் இருக்கின்றன. பிரதி எடுப்பதானால் முதலில் வேகத்தைச் சரிபாருங்கள்.

அன்று விடைபெறும்போது நண்பர் கைப்பேசியிலிருந்த பழைய பிரதியை நீக்கிவிட்டு, சரியான வேகத்தில் புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் கண்ணை மூடியிருந்தார். "இதுதான், மாப்பிள்ளை! அன்றைக்குப் பந்தலில் கேட்டது இதுதான்" என்றார். அந்தச் சாட்சியத்தை எந்தச் சல்லடையிலும் இடமுடியாது. எனினும் மற்றச் சல்லடைகள் எல்லாம் அதற்கு விரோதமாய் ஒன்றும் சொல்லவில்லை.