பழுது பார்த்தபின் நடுங்கும் எஞ்சின்

பழைய பெட்ரோல் லோரியின் கார்புரேட்டரைத் தாமே கழற்றித் துடைத்து மாட்டிய அன்பர்கள், எஞ்சின் முன்னிலும் மோசமாக நடுங்கக் கண்டு திகைப்பதுண்டு. கை பட்ட இடங்களையே முதலில் பாருங்கள் என்போம். பிளக் கம்பிகள் இடம் மாறியிருக்கலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் தீப்பொறி வரிசை 1-3-4-2. ஆறு சிலிண்டராயின் பெரும்பாலும் 1-5-3-6-2-4.

கம்பிகள் சரியாயின், 'உஸ்' என்ற ஒலி கேட்கிறதா எனக் கவனியுங்கள். கார்புரேட்டரின் அடி கேஸ்கெட் வழியாகவோ, மாட்ட மறந்த ரப்பர்க் குழாய் வழியாகவோ காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை நீர்த்துப்போகும். அக்குழாய் பிரேக் பூஸ்டருக்குச் செல்வதாயின் நடுக்கம் சிறிது, ஆபத்து பெரிது. பிரேக் மிதி இறுகிவிடும். பால் ஏற்றிய லோரியை இறக்கத்தில் நிறுத்தக் கால்பலம் போதாது. குழாயை மாட்டி இறுக்கும்வரை லோரியைக் கொட்டகையைவிட்டு எடுத்தல் ஆகாது.