ஊரே பார்த்தது! ஆனால் யாரும் பார்க்கவில்லை!

பட்டப்பகல். கடைத்தெரு. 40 பேருக்கு மேல் நிற்கிறார்கள். துப்பாக்கி வெடிக்கிறது. வண்டியில் உட்கார்ந்திருந்த ஒருவன் குண்டு பாய்ந்து சாய்கிறான்.

சுட்டது யார்?

போலீசார் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். தெரியாது! பார்க்கவில்லை!

இது கதை அல்ல. 1981-ம் ஆண்டு ஜூலை மாதம் 10-ந் தேதி, வெள்ளிக்கிழமை, அமெரிக்காவில் நடந்த சம்பவம்.

சின்னஞ்சிறு ஊர்

அமெரிக்காவில் மிசூரி என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதன் வடமேற்கு மூலையில் உள்ள ஊர், ஸ்கிட்மோர். அப்போது ஊரின் மொத்த ஜனத்தொகையே சுமார் 440 பேர்தான். நம் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு இதைவிட அதிகமான கூட்டம் வரும்!

சோளம் விளைகிற பூமி. மாடும் பன்றியும் வளர்க்கிற விவசாயிகள். ஒரு மளிகைக்கடை, ஒரு மதுக்கடை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இப்படிப்பட்ட ஊரில் பயம் எதற்கு என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் ஸ்கிட்மோர் மக்கள் பல ஆண்டுகள் பயந்து பயந்து வாழ்ந்தார்கள். காரணம், ஒரே ஒரு ஆசாமி!

அவன் பெயர் கென் மெக்எல்ராய். வாட்டசாட்டமான ஆள். ஒரு பெரிய குடும்பத்தில் பிறந்த 16 பிள்ளைகளில் 15-வது பிள்ளை. படிப்பைப் பாதியில் விட்டவன். மாடு திருடினான், பன்றி திருடினான், தானியம் திருடினான் என்று அவன் மீது புகார்கள் குவிந்தன. வீட்டுக்குத் தீ வைத்ததாகவும் குற்றச்சாட்டு உண்டு. குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் எழுதக் கூசும் குற்றங்களும் அவன் மீது சொல்லப்பட்டன.

மொத்தம் 21 தடவை அவன் மீது வழக்கு வந்தது. கடைசி வழக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தப்பிவிட்டான்!

எப்படித் தப்பினான் தெரியுமா?

சாட்சி சொல்ல வருகிறவரின் வீட்டுக்கு முன்னால் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான். உள்ளேயே உட்கார்ந்திருப்பான். கையில் துப்பாக்கி இருக்கும். ஒரு வார்த்தை பேசமாட்டான். மணிக்கணக்கில் வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். இப்படி ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 1976-ல் ஒரு விவசாயியின் வயிற்றில் சுட்டதாக மெக்எல்ராய் மீது வழக்கு நடந்தது. தன் வீட்டுக்கு முன்னால் அவன் 100 தடவைக்கு மேல் வந்து நின்றதாக அந்த விவசாயி சொன்னார். வீட்டில் பெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எத்தனை நாள்தான் ஒரு மனிதர் தைரியமாக இருக்க முடியும்?

அந்த வழக்கிலும் அவன் விடுதலையானான். சம்பவம் நடந்த சமயம் அவன் தங்களோடு இருந்தான் என்று இரண்டு பேர் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள்.

கூப்பிட்ட குரலுக்குப் போலீசார் வருவதும் கஷ்டம். மாவட்டத்தின் போலீஸ் அதிகாரியை அங்கே "ஷெரீப்" என்பார்கள். அவருடைய அலுவலகம் 20 கிலோமீட்டருக்கு அப்பால், மேரிவில் என்ற ஊரில் இருந்தது.

மிட்டாயில் வந்த வினை

1980-ல் ஒரு நாள். மளிகைக்கடையில் மெக்எல்ராயின் குழந்தை ஒன்று மிட்டாயைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போகப் பார்த்ததாகக் கடையில் இருந்த பெண் சொன்னாள். அவ்வளவுதான்! என் பிள்ளையைத் திருடன் என்பதா என்று அவன் கிளம்பிவிட்டான். இரவு நேரங்களில் கடைக்காரரின் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றான்.

கடைக்காரருக்கு வயது 70. ஜூலை மாதத்தில் ஒரு நாள், கடைக்குப் பின்புறம் அவர் தனியாக நின்றபோது, மெக்எல்ராய் அவரைக் கழுத்தில் சுட்டான். கிழவர் எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

பிழைத்தவர் கோர்ட்டுக்கும் போனார். பயப்படவில்லை. 1981 ஜூன் மாதம் ஜூரிகள் மெக்எல்ராயைக் குற்றவாளி என்றார்கள். இரண்டு ஆண்டு சிறை! அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தண்டனை.

ஊர் மக்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அந்த நிம்மதி நீடிக்கவில்லை. அவன் அப்பீல் செய்தான். அப்பீல் முடியும்வரை ஜாமீன் கிடைத்தது. சில நாட்களில் மறுபடியும் மதுக்கடைக்கு வந்து நின்றான். கையில் ஈட்டி முனை பொருத்திய துப்பாக்கி! கடைக்காரரை என்ன செய்யப்போகிறேன் என்பதை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்.

ஜாமீனில் இருந்துகொண்டே அவன் ஆயுதத்தோடு வந்திருந்தான். அதைப் பார்த்தவர்கள் துணிந்து கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தார்கள். ஜாமீனை ரத்து செய்யும் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அந்த விசாரணைக்கும் வாய்தா!

ஜூலை 10

அன்று காலை ஊர் மக்கள் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். ஷெரீப்பும் வந்தார். அவனோடு மோதவேண்டாம், ஒருவருக்கொருவர் காவலாக இருங்கள் என்று யோசனை சொன்னார். சொல்லிவிட்டுக் காரில் ஏறி ஊரைவிட்டுப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் தகவல் வந்தது. மெக்எல்ராய் மதுக்கடைக்கு வந்திருக்கிறான்!

கூட்டம் அங்கே போனது. கடை நிறைந்துவிட்டது. அவனை ஒருவரும் தொடவில்லை. அவன் குடித்து முடித்தான். எழுந்து வெளியே வந்து வண்டியில் ஏறினான். பக்கத்தில் அவன் மனைவி உட்கார்ந்தாள். அவன் ஒரு சிகரெட்டை எடுத்தான்.

அப்போது துப்பாக்கி வெடித்தது. ஒன்றல்ல, இரண்டு வெவ்வேறு துப்பாக்கிகளின் குண்டுகள் அவன் மீது பாய்ந்தன என்று பின்னால் தெரிந்தது. ஆம்புலன்சைக்கூட யாரும் கூப்பிடவில்லை. அவன் மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. சுட்டது இன்னார் என்று ஒரு பெயரைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அந்த ஆள் மறுத்தார். வேறு சாட்சி இல்லை.

பிரேத விசாரணை நடந்தது. "பெயர் தெரியாதவர்களால் மரணம்" என்று தீர்ப்பாயிற்று. மாவட்டத்து ஜூரிகள் விசாரித்தார்கள். எப்.பி.ஐ. என்ற மத்திய துப்பறியும் போலீசார் வந்து விசாரித்தார்கள். மத்திய அரசின் ஜூரிகளும் விசாரித்தார்கள். ஒருவர் மீதும் வழக்குப் போட முடியவில்லை!

இத்தனை காலம் பயத்தால் வாயைத் திறக்காத ஊர், இப்போது வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டது. செத்தவன் போக்கிரி என்பதற்காகக் கொலை நியாயமாகிவிடாது. ஆனால், கோர்ட்டுக்குப் போன கிழவர் வீட்டில் பயந்து கிடக்க, அவரைச் சுட்டவன் துப்பாக்கியோடு தெருவில் திரிந்தான். அதையும் மறக்க முடியாது.

கணக்கு செய்யும் வேடிக்கை

ஒரு ஊர் எவ்வளவு பத்திரமானது என்பதை அரசாங்கத்தார் கணக்குப் போட்டுப் பார்ப்பது உண்டு. ஒரு லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்பதே அந்தக் கணக்கு. இந்தியாவிலும் இதே முறைதான்.

1981-ல் அமெரிக்கா முழுவதும் 22,500-க்கு மேற்பட்ட கொலைகள் நடந்தன. லட்சம் பேருக்கு 9.8 என்று கணக்கு. ஸ்கிட்மோரில் விழுந்த பிணம் ஒன்றே ஒன்று. ஆனால் 440 பேருக்கு ஒன்று என்றால் லட்சம் பேருக்கு 227 ஆகிறது! இந்தக் கணக்கை மட்டும் பார்க்கிறவர், இது உலகத்திலேயே பயங்கரமான ஊர் என்று நினைப்பார். கொலை நடக்காத ஆண்டில் அதே ஊரின் கணக்கு பூஜ்யம். அப்போது இது சொர்க்கம் என்று நினைப்பார்! சிறிய ஊருக்கு ஒரே ஆண்டின் கணக்கு உதவாது. பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஊர்களை வரிசைப்படுத்தி ஒப்பிடவேண்டாம் என்று எப்.பி.ஐ.யே எச்சரிக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. போலீசுக்கு வந்த புகார்தான் கணக்கில் ஏறும். பயந்துபோய்ப் புகார் கொடுக்காதவரின் மாடு காணாமல் போனால் அது எந்தக் கணக்கிலும் வராது. இரவெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்களே, அந்தப் பயத்துக்கு ஏது கணக்கு?

பிறகு என்ன நடந்தது?

மெக்எல்ராயின் மனைவி 1984-ல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். ஊர் நிர்வாகம், மாவட்டம், ஷெரீப், மேயர், தான் பெயர் சொன்ன ஆள் என்று எல்லோர் மீதும் வழக்கு. கேட்டது பல லட்சம் டாலர். கடைசியில் 17,600 டாலருக்கு ராஜி ஆயிற்று. குற்றத்தை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஊருக்கு அதன் பிறகும் துயரம் வந்தது. 2001-ல் 20 வயது வாலிபர் ஒருவர் வீட்டிலிருந்து காணாமல் போனார். 2004-ல் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கொன்று, வயிற்றிலிருந்த குழந்தையை ஒரு பெண் எடுத்துக்கொண்டு ஓடினாள். மறுநாளே கான்சாஸ் மாநிலத்தில் அவள் பிடிபட்டாள். குழந்தை உயிரோடு கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு 2021 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அமெரிக்க மத்திய அரசு ஒரு பெண்ணுக்கு அந்தத் தண்டனையை நிறைவேற்றியது 1953-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அந்தக் கொலைகாரி வெளியூர்க்காரி. கடைத்தெருவில் நடந்த கொலை அப்படி அல்ல. அங்கே நின்றவர்கள் ஊர்க்காரர்கள். மிசூரி மாநிலச் சட்டப்படி கொலை வழக்குக்குக் காலக்கெடு கிடையாது. இன்றைக்கும் யாராவது போய், நான் பார்த்தேன் என்று சொன்னால் விசாரணையைத் தொடங்கலாம். 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நின்றவர்களில் பலர் காலமாகிவிட்டார்கள். இதுவரை ஒருவர் மீதும் வழக்கு இல்லை.